பிரஸ்ஸுக்கு ஒளித்திரை: பச்சை விளக்கு எரிந்தால் போதாது

ஆற்காட்டிலிருந்து ஆரணி போகிற சாலையில் இருக்கிறது திமிரி. பக்கத்திலேயே ராணிப்பேட்டை சிப்காட், மேல்விஷாரம். வேலூரைத் தாண்டி மேற்கே போனால் பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி. தோல் ஷாப்புக்கோ ஷூ கம்பெனிக்கோ வேலைக்குப் போகிற ஒருவர்கூட இல்லாத தெருவை இந்த வட்டாரத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இங்கே விபத்து என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது 2015 ஜனவரி 31. ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து 10 பேர் இறந்தார்கள். நாடு முழுக்கப் பேசிய செய்தி அது. பிரஸ்ஸில் ஒரு விரல் போனால் யாரும் எழுதுவதில்லை. கட்டுப் போட்டு, இரண்டு மாதம் வீட்டில் இருந்துவிட்டு, மறுபடி அதே மெஷினுக்கு வந்து நிற்கிறார் ஆபரேட்டர். ஹரியானாவில் கார் உதிரிபாகத் தொழிலாளர்களுக்காக வேலை செய்யும் சேஃப் இன் இந்தியா அறக்கட்டளை, 2019 முதல் ‘கிரஷ்டு’ என்ற பெயரில் அறிக்கைகள் வெளியிட்டு வருகிறது. அவற்றில் திரும்பத் திரும்ப வரும் குற்றவாளி பவர் பிரஸ். தோல் வட்டாரத்திலும் பிரஸ்ஸுக்குப் பஞ்சமில்லை: தோலுக்கு அச்சும் மினுக்கும் கொடுக்கும் பிளேட்டிங் பிரஸ், அப்பர் வெட்டும் கிளிக்கர், பக்கிள் அடிக்கும் சிறு பவர் பிரஸ்.

ஒளித்திரை என்பது இந்த பிரஸ்களின் வாய்களுக்கு முன்னால் நிற்கும் காவல். கம்பெனிகளில் இதைக் ‘கர்ட்டன்’ என்பார்கள், ‘சேஃப்டி சென்சார்’ என்றும் சொல்வார்கள். எதிரெதிரே இரண்டு கம்பங்கள். ஒன்றிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள் வரிசையாகக் கிளம்பும், மற்றது வாங்கும். நடுவில் கை வந்து ஒரு கதிர் மறைந்தாலும் மெஷினுக்கு ‘நில்’ என்று உத்தரவு போகும். ஜெர்மனியில் எர்வின் சிக் 1950-களின் தொடக்கத்தில் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்த யோசனை இது.

தியரி இவ்வளவு போதும். ஒன்றை மட்டும் மனதில் ஆணி அடித்துக்கொள்ள வேண்டும். திரை மெஷினை நிறுத்தாது. நிற்கச் சொல்லும், அவ்வளவுதான். நிறுத்துவது மெஷினின் வால்வும் பிரேக்கும். கம்பத்தில் பச்சை விளக்கு எரிந்தால் கதிர்கள் நேராகச் சேர்ந்திருக்கின்றன என்று அர்த்தம். கை தப்பும் என்று அர்த்தமல்ல. பல ஷெட்களில் திரை மாட்டும் நாள் முழுவதும் அந்தப் பச்சையைக் கொண்டுவருவதிலேயே போய்விடுகிறது. உண்மையான வேலை அதற்கு முன்பும் இருக்கிறது, பின்பும் இருக்கிறது.

இந்த மெஷினுக்குத் திரை பொருந்துமா?

கடைக்குப் போகும் முன் மெஷின் முன்னால் பத்து நிமிடம் நின்று பார்க்க வேண்டும். பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: பாதி வழியில் நிற்கச் சொன்னால் நிற்குமா?

ஹைட்ராலிக் பிளேட்டிங் பிரஸ் நிற்கும். தலை இடம் வலமாக நகர்ந்து இறங்கும் டிராவலிங் ஹெட் கட்டிங் பிரஸ்ஸும் நிற்கும். திரைக்கு ஏற்ற மெஷின்கள் இவை.

பக்கிள், வளையம் அடிக்கும் பழைய மெக்கானிக்கல் பவர் பிரஸ்ஸில் கீ கிளட்ச் இருந்தால் கதை வேறு. பெடலை மிதித்து கிளட்ச் கவ்விவிட்டால் ஒரு சுற்று முடிந்துதான் விடும். நடுவில் கரன்ட்டை வெட்டினாலும் ஃப்ளைவீல் வேகத்தில் ராம் கீழே வந்தே தீரும். அதற்கு முன்னால் எவ்வளவு விலையுயர்ந்த திரையை மாட்டினாலும் அது அலங்காரம்தான். இந்த மெஷினுக்கு டையைச் சுற்றிக் கை நுழையாத கூண்டுத் தடுப்பு வேண்டும்; இல்லாவிட்டால் ஃப்ரிக்‌ஷன் கிளட்ச்-பிரேக்குக்கு மாற்றிவிட்டு அப்புறம் திரையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

கைப்பிடியைப் பிடித்துத் தலையை இழுத்து அடிக்கும் ஸ்விங் ஆர்ம் கிளிக்கருக்கும் திரை சரிவராது. ஒவ்வொரு அடிக்கும் ஆபரேட்டர் டையைத் தோல் மேல் நகர்த்தி வைக்கிறார். கை எப்போதும் உள்ளேதான். அங்கே காவல் இரண்டு கைப் பட்டன். இரண்டையும் அரை நொடிக்குள் சேர்த்து அழுத்தினால்தான் அடி விழ வேண்டும். ஒரு பட்டனில் ரப்பர் பேண்டு சுற்றியிருக்கிறதா என்று பார்ப்பது தனி வேலை. தோல், காலணி வெட்டும் மெஷின்களுக்கான ஐரோப்பியத் தரம் ஈ.என். 12044, பழைய மெஷினை ஏற்றுமதி வாடிக்கையாளர் ஆய்வுக்குத் தயார் செய்பவர்கள் அதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஃப்ளெஷிங், ஷேவிங், சாமியிங் போன்ற உருளை மெஷின்களில் தோலே உள்ளே போய்க்கொண்டிருக்கும். திரை போட்டால் தோல் அதை மறைத்துக்கொண்டே இருக்கும். அவற்றுக்கு உருளையை ஒட்டிய டிரிப் பார் போன்ற வேறு ஏற்பாடுகள் உண்டு; இந்த அத்தியாயம் அவற்றுக்குள் போகவில்லை.

எச்சரிக்கை: தின்னர் வாடை அடிக்கும் ஸ்ப்ரே பகுதியில் சாதாரண ஒளித்திரையை மாட்டவே கூடாது. தீப்பற்றும் ஆவி உள்ள இடத்துக்கென்று சான்று பெற்ற கருவி வேண்டும்.

வாங்கும்போது

சந்தையில் கம்பம் போன்ற சென்சார் எல்லாம் பார்க்க ஒன்றாகவே இருக்கும். லிஃப்ட் கதவுக்கு மாட்டும் திரையும் அப்படித்தான் இருக்கும், விலையும் குறைவு. ‘இதுவும் கையைப் பார்க்குது, அதுவும் கையைப் பார்க்குது’ என்று அதை வாங்கி பிரஸ்ஸில் மாட்டுவது மிகப் பெரிய தவறு. வித்தியாசம் கையைப் பார்ப்பதில் இல்லை. உள்ளே ஒரு பாகம் பழுதானால் லிஃப்ட் திரை பேசாமல் ‘எல்லாம் சரி’ என்று சொல்லிக்கொண்டே இருக்கலாம். பாதுகாப்புத் திரை தன்னைத்தானே சோதித்துக்கொண்டே இருக்கும். பழுது வந்தால் மெஷினை நிறுத்தும்.

பெயர்த்தகட்டில் ஐ.இ.சி. 61496 என்றும் டைப் 4 என்றும் இருக்க வேண்டும். டைப் 2 இன்னொரு ரகம், பிரஸ்ஸுக்குப் போதாது. வெளியீடு ஒன்றல்ல, இரண்டு வரும். அவற்றை ஓ.எஸ்.எஸ்.டி. 1, ஓ.எஸ்.எஸ்.டி. 2 என்று குறித்திருப்பார்கள்.

அடுத்தது ரெசல்யூஷன், அதாவது திரை தவறாமல் கண்டுபிடிக்கும் மிகச் சிறிய தடிமன். 14 மி.மீ. என்றால் விரலைப் பிடிக்கும். 30 மி.மீ. என்றால் கையைப் பிடிக்கும். விரல் நுனி கொஞ்சம் உள்ளே போன பிறகுதான் தெரியும். பிரஸ்ஸுக்கு 14 எடுத்தால் மெஷினுக்குக் கிட்டே மாட்டலாம். ஏன் என்பது கணக்கில் வரும்.

குறிப்பு: பழைய மார்க்கெட்டில் ஒரு கம்பம் இங்கே, ஒரு கம்பம் அங்கே என்று பொறுக்கி ஜோடி சேர்க்கக் கூடாது. அனுப்புவதும் வாங்குவதும் ஒரே மாடல், ஒரே நீளம், ஒரே ஜோடியாக, சோதனைக் கம்பியோடும் கையேட்டோடும் வர வேண்டும்.

தூரக் கணக்கு

எல்லாத் தவறுகளுக்கும் தாய் இங்கேதான் பிறக்கிறது. பிரஸ்ஸின் சட்டத்தில் ஏற்கெனவே இரண்டு துளைகள் இருக்கும்; பிராக்கெட் அதில் அழகாகப் பொருந்தும்; திரை அங்கே போய்விடும். டையிலிருந்து எவ்வளவு தூரம் என்று யாரும் டேப் பிடிக்க மாட்டார்கள்.

கை வேகமானது. ஐ.எஸ்.ஓ. 13855 தரம், கை நீளும் வேகத்தை நொடிக்கு 2 மீட்டர் என்று வைத்துக்கொள்கிறது. மெஷின் நிற்க கால் நொடி ஆனால் அதற்குள் கை அரை மீட்டர் போய்விடும். ஆகவே திரை, ஆபத்தான இடத்திலிருந்து அந்த அளவாவது தள்ளி நிற்க வேண்டும். 2010 பதிப்பின்படி சூத்திரம் இது:

தூரம் (மி.மீ.) = 2000 × மொத்த நிற்கும் நேரம் (நொடி) + 8 × (ரெசல்யூஷன் − 14)

விடை 100-க்குக் கீழே வந்தாலும் 100-க்குக் குறைக்கக் கூடாது. 500-க்கு மேலே வந்தால் 2000-க்குப் பதில் 1600 போட்டு மறுபடி கணக்கிடலாம். அப்போது விடை 500-க்குக் கீழே இறங்கினால் 500 என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ரெசல்யூஷன் 40 மி.மீ. வரையுள்ள, நிமிர்ந்து நிற்கும் திரைகளுக்குத்தான் இந்தச் சூத்திரம். 2024-ல் புதிய பதிப்பு வந்திருப்பதால், ஏற்றுமதி வாடிக்கையாளரின் ஆய்வுக்குக் காட்டுகிறவர்கள் எந்தப் பதிப்பு என்று கேட்டுக்கொண்டு எழுத வேண்டும்.

திமிரியில் ஜாப் ஒர்க் எடுக்கும் ஒரு ஷெட்டில் ஹைட்ராலிக் பிளேட்டிங் பிரஸ் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மெஷின் நிற்க அளந்த நேரம் 180 மில்லி நொடி. திரைக்கு 14, சேஃப்டி ரிலேவுக்கு 20. மொத்தம் 214, அதாவது 0.214 நொடி.

14 மி.மீ. திரை என்றால்: 2000 × 0.214 = 428. மேலே சேர்க்க ஒன்றுமில்லை. தூரம் 428 மி.மீ.

30 மி.மீ. திரை என்றால்: 428 + 128 = 556. 500-ஐத் தாண்டியதால் 1600-ல் பார்த்தால் 342 + 128 = 470. அது 500-க்குக் கீழே. ஆகவே தூரம் 500 மி.மீ.

இப்போது அதே பிரஸ்ஸில் வால்வு தேய்ந்து, நிற்கும் நேரம் 350 மில்லி நொடி ஆகிவிட்டது. மொத்தம் 0.384. அதே 14 மி.மீ. திரை 614 மி.மீ. தள்ளிப் போக வேண்டும். அந்தத் தூரத்தில் நின்றுகொண்டு ஆபரேட்டர் தோலைச் சுருக்கமில்லாமல் எப்படிப் பரப்புவார்? கை எட்டாது. நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு யாராவது திரையை முன்னே நகர்த்தி வைப்பார்கள். திரையைத் தள்ளி வைப்பதைவிட வால்வை மாற்றுவதே அங்கே மலிவு. கணக்கு பெரிதாக வந்தால் மெஷின் ஏதோ சொல்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

நிற்கும் நேரத்தை எப்படி அளப்பது? அதற்கென்று ஸ்டாப் டைம் மீட்டர் உண்டு. திரை விற்கும் கம்பெனிகளின் சர்வீஸ் ஆட்கள் கொண்டுவந்து அளந்து கொடுப்பார்கள். எண்ணெய் சூடேறிய பிறகு, ஆகக் கனமான பிளேட் மாட்டியிருக்கும்போது, தலை ஆக வேகமாக இறங்கும் இடத்தில், குறைந்தது 10 முறை அளந்து பெரிய எண்ணை எடுக்க வேண்டும். காலையில் குளிர்ந்த மெஷினில் ஒரே முறை அளந்த எண் ஏமாற்றும். மீட்டர் திரையிலிருந்தே தொடங்கி அளந்தால் திரை, ரிலே நேரங்கள் அதிலேயே அடங்கிவிடும். மறுபடி கூட்ட வேண்டாம். செல்போனில் ஸ்லோமோஷன் வீடியோ எடுத்து ஃபிரேம் எண்ணுபவர்களும் உண்டு. மெஷின் ரொம்பக் கெட்டுக் கிடக்கிறதா என்று தோராயமாகப் பார்க்க அது உதவும். அதை வைத்துத் துளை போடக் கூடாது.

மாட்டும் முன்

1. மெயினை அணைத்து, ஃபியூஸைக் கழற்றி, பேனலுக்கு சொந்தப் பூட்டுப் போட வேண்டும். சாவி வேலை செய்பவரின் பையில். ‘ஆஃப் பண்ணிட்டேன்’ என்ற வாய்வார்த்தை பூட்டு ஆகாது.

2. ஹைட்ராலிக் தலைக்குக் கீழே உறுதியான முட்டுக்கட்டை கொடுக்க வேண்டும். மோட்டார் நின்றாலும் அழுத்தம் கசிந்து தலை இறங்கும். பிளேட்டிங் பிரஸ் என்றால் தகடு ஆறும்வரை காத்திருக்க வேண்டும்.

3. திரை வைக்கும் பக்கம் போக, மற்ற மூன்று பக்கங்களையும் பார்க்க வேண்டும். பக்கவாட்டில், பின்னால், திரைக்கு மேலே எட்டி, கீழே குனிந்து என்று எந்த வழியிலாவது கை போகுமானால் அங்கே தகடோ வலையோ அடிக்க வேண்டும். முன்வாசலில் பூட்டுப் போட்டுப் பின்வாசலைத் திறந்து வைக்கும் வேலை நம் ஷெட்களில் சகஜம்.

4. திரைக்கும் மெஷினுக்கும் நடுவில் ஆள் நுழைந்து நிற்க இடம் இருக்கிறதா? இருந்தால் அவர் திரையைக் கடந்து உள்ளே போனபின் திரை மறுபடி பச்சை காட்டும். அந்த இடத்தை மேசையாலோ தடுப்பாலோ அடைக்க வேண்டும், அல்லது கிடைமட்டமாக இன்னொரு திரை போட வேண்டும்.

மாட்டுவதும் நேராக்குவதும்

இதற்கு வேண்டிய கருவிகள் கொத்தனாரிடமே இருக்கின்றன: தூக்குக்குண்டு, ரசமட்டம், டேப், பென்சில். இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கம்பத்தைத் திருப்ப, ஒருவர் விளக்கைப் பார்க்க.

1. கணக்கில் வந்த தூரத்தை ஆபத்தான இடத்திலிருந்து அளந்து, இரண்டு பக்கமும் கோடு போட வேண்டும். அளவு பிரஸ்ஸின் சட்டத்திலிருந்து அல்ல. டையோ தகடோ கையைக் கடிக்கும் இடத்தின் முன் விளிம்பிலிருந்து.

2. பிராக்கெட்டைப் பிரஸ்ஸின் உடம்பிலேயே மாட்டினால் ஒவ்வொரு அடிக்கும் அதிரும். முடிந்தால் தரையில் தனித் தூண் நிறுத்தலாம். முடியாவிட்டால் ரப்பர் அதிர்வுத் தாங்கி போட வேண்டும்.

3. இரண்டு கம்பங்களின் கேபிள் முனையும் ஒரே பக்கம் இருக்க வேண்டும்: இரண்டும் கீழே, அல்லது இரண்டும் மேலே. ஒன்றைத் தலைகீழாக மாட்டிவிட்டு அரை நாள் பச்சைக்குக் காத்திருப்பது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு.

4. உயரத்தை டேப்பில் சரிபார்த்து, தூக்குக்குண்டு விட்டு இரண்டு கம்பமும் செங்குத்தாக நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். தரை சரிவாக இருந்தால் தரையிலிருந்து அளந்த உயரம் பொய் சொல்லும். ஷெட் தரை பெரும்பாலும் சரிவுதான், தண்ணீர் ஓட அப்படிப் போட்டிருப்பார்கள். டியூப் மட்டம் பிடித்தால் சண்டை தீரும்.

5. போல்ட்டுகளைக் கை இறுக்கத்தில் விட்டு, திரைக்கு மட்டும் 24 வோல்ட் கொடுக்க வேண்டும். மெஷின் பூட்டிலேயே இருக்கட்டும்.

6. அனுப்பும் கம்பத்தை மெல்ல இடப்பக்கம் திருப்ப வேண்டும். வாங்கும் கம்பத்தில் பச்சை மறைந்து சிவப்பு வரும் இடத்தில் பென்சில் கோடு. இப்போது வலப்பக்கம், மறுபடி சிவப்பு வரும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நட்டநடுவில் நிறுத்த வேண்டும். பச்சை வந்த முதல் இடத்திலேயே விட்டுவிட்டால் விளிம்பில் நிற்கிறது என்று பொருள். நாளைய அதிர்வில் நழுவும்.

7. வாங்கும் கம்பத்துக்கும் அதே வேலை. பல மாடல்களில் சிக்னல் பலத்தை எண்ணாகவோ பட்டையாகவோ காட்டும் காட்சி உண்டு. இருந்தால் அதை உச்சத்துக்குக் கொண்டுவரலாம். தூரம் அதிகமென்றால் லேசர் குறிகாட்டி வேலையைச் சுலபமாக்கும்.

8. போல்ட்டுகளை மேலும் கீழுமாக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் கம்பம் திரும்பிவிடும். இறுக்கி முடித்ததும் 6-ஆவது படியை ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும்.

9. மெஷின் ஒரு ஷிஃப்ட் ஓடிய பிறகு போல்ட்டுகளையும் சிக்னலையும் திரும்பப் பார்க்க வேண்டும்.

பளபளப்பு ஒரு கள்ளன். கதிரின் பாதைக்குப் பக்கத்தில் எவர்சில்வர் மேசையோ மெருகேறிய தகடோ இருந்தால் கதிர் அதில் பட்டுத் திரும்பி, கையைச் சுற்றிக்கொண்டு வாங்கும் கம்பத்துக்குப் போய்ச் சேரும். கை உள்ளே இருக்கும், விளக்கு பச்சையாகவே இருக்கும். டைப் 4 திரையில், கம்பங்களுக்கு இடையே 3 மீட்டர் வரை தூரமென்றால் பளபளப்பான பரப்பு கதிர்ப்பாதையிலிருந்து குறைந்தது 131 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் இடைவெளியும் கூடும், அளவு கையேட்டில் இருக்கும். பேட்டன்ட் லெதர் ஓட்டும் பிரஸ்களில் மேசையில் அடுக்கிய தோலே கண்ணாடிபோல் மின்னும். நகர்த்த முடியாத பரப்புக்கு மங்கலான கறுப்புப் பெயின்ட் அடிக்கலாம். அதன்பின் சோதனைக் கம்பியால் பார்த்தே ஆக வேண்டும்.

வெயிலும் தொல்லை கொடுக்கும். கூரையில் வெளிச்சத்துக்காகப் போட்ட ஒளிபுகும் ஷீட் வழியாக மாலை வெயில் நேராக வாங்கும் கம்பத்தில் விழாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு கம்பங்களையும் இடம் மாற்றிப் போட்டாலே பல நேரம் சரியாகிவிடும்.

அருகருகே இரண்டு பிரஸ், இரண்டு திரை என்றால் ஒன்றின் அனுப்பும் கம்பம் மற்றதன் வாங்கும் கம்பத்தைப் பார்க்கக் கூடாது. எதிரெதிர்த் திசையில் மாட்ட வேண்டும், அல்லது கதிர்க் குறியீட்டை மாற்ற முடிகிற மாடல் எடுக்க வேண்டும்.

வயரிங்

எலக்ட்ரீஷியன் இல்லாமல் இதைத் தொட வேண்டாம். அவர் நல்ல எலக்ட்ரீஷியனாகவே இருந்தாலும், சேஃப்டி ரிலே அவருக்குப் புதிதென்றால் ரிலேவின் கையேட்டை மேசையில் விரித்து வைத்துக்கொண்டே செய்ய வேண்டும்.

இரண்டு ஓ.எஸ்.எஸ்.டி. வயர்களும் தனித்தனியாகச் சேஃப்டி ரிலேவுக்குப் போக வேண்டும். இரண்டையும் முறுக்கி ஒன்றாக்கினால் இரட்டைக் காவல் ஒற்றைக் காவல் ஆகிவிடும். சாதாரண பி.எல்.சி. இன்புட்டில் கொடுத்து ‘புரோகிராமில் பார்த்துக்கலாம்’ என்பதும் கூடாது.

ரிலேவுக்குப் பின்னால் கான்டாக்டரோ வால்வோ, எதுவாக இருந்தாலும் வரிசையில் இரண்டு வேண்டும். ஒன்று ஒட்டிக்கொண்டாலும் மற்றது வெட்டும். ஒட்டிக்கொண்டதைக் கண்டுபிடிக்க இரண்டின் துணைக் கான்டாக்டுகளையும் ஈ.டி.எம். என்று குறித்த முனையில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

திரைக்கு 24 வோல்ட் எஸ்.எம்.பி.எஸ். தனியாக இருந்தால் நல்லது. அதன் கேபிளை வி.எஃப்.டி. மோட்டார் கேபிளோடு ஒரே டிரேயில் ஓட்டினால், காரணமே இல்லாமல் மெஷின் நிற்கத் தொடங்கும். ஆபரேட்டர் திரையைத் திட்டத் தொடங்குவார்.

ரீசெட் பட்டனின் இடம் முக்கியம். கை உள்ளே இருக்கும்போது எட்டக் கூடாது. ஆனால் அதை அழுத்தும் இடத்திலிருந்து மெஷினின் வாய் முழுதும் தெரிய வேண்டும். கரன்ட் போய் வரும் ஊரில் ரீஸ்டார்ட் இன்டர்லாக்கைப் போட்டே தீர வேண்டும். கரன்ட் போன நேரத்தில் ஒருவர் உள்ளே சிக்கிய தோலை எடுத்துக்கொண்டிருப்பார். வந்ததும் மெஷின் தானாக எழக் கூடாது.

சோதனைக் கம்பி

பெட்டியில் ஒரு கறுப்புக் கம்பி இருக்கும். ரெசல்யூஷன் எவ்வளவோ அதே தடிமன். பலர் அதைப் பாக்கிங் என்று எறிந்துவிடுகிறார்கள். உண்மையில் அதுதான் திரையின் சாவி.

1. மெஷின் ஓடாத நிலையில், கம்பியை, அனுப்பும் கம்பத்தை ஒட்டி மேலிருந்து கீழே மெதுவாக இறக்க வேண்டும். உள்ளே நுழைந்தது முதல் வெளியே வரும்வரை விளக்கு சிவப்பாகவே இருக்க வேண்டும். நடுவில் ஒரு கணம் பச்சை மினுங்கினாலும் தோல்வி.

2. அதையே வாங்கும் கம்பத்தை ஒட்டியும், நடுவிலும் செய்ய வேண்டும். பளபளப்புக் கோளாறு நடுவில்தான் பெரும்பாலும் மாட்டும்.

3. அடுத்து மெஷினை ஓடவிட்டு, தலை இறங்கும்போது கம்பியால் கதிரை மறைக்க வேண்டும். தலை நிற்க வேண்டும். கம்பியை எடுத்த பிறகும் ரீசெட் அழுத்தாமல் நகரக் கூடாது. சோதனைக்குக் கையை நீட்டுகிற வீரம் வேண்டாம்.

ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும், டை மாற்றிய பிறகும் இந்தச் சோதனை வேண்டும். மூன்று நிமிடம் கூட ஆகாது. பதிவேட்டில் தேதி, செய்தவர், முடிவு. நிற்கும் நேரத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து அதே பதிவேட்டில் எழுதினால் வால்வு தேய்வது எண்ணிலேயே தெரிந்துவிடும். முதல்முறை ஓட்டும் முன், பாதுகாப்பு அமைப்பு தெரிந்த ஒருவர் எல்லாவற்றையும் பார்த்துக் கையெழுத்திடுவது அவசியம்.

‘டைரக்ட் பண்ணிக் குடுங்க’

திரை மாட்டிய இரண்டாவது வாரம் இந்தப் பேச்சு வரும், அதாவது திரையை வயரால் தாண்டி மெஷினை நேராக ஓடவிடச் சொல்லி.

“பாய், சும்மா சும்மா நிக்குது. பீஸ் விழ மாட்டேங்குது. டைரக்ட் பண்ணிக் குடுங்க பாய்.”

பீஸ் ரேட்டில் வேலை செய்பவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவரைத் திட்டுவதைவிட மெஷின் ஏன் நிற்கிறது என்று பார்ப்பதே சூப்பர்வைசரின் வேலை. மேசை தாழ்ந்திருந்தால் முழங்கை கதிரில் படும். தோல் ஓரம் மேசையைத் தாண்டித் தொங்கினால் அது மறைக்கும். மேசையை அரை அடி நகர்த்தினால் தீரும் பிரச்சினைக்குத் திரையையே கொல்லக் கூடாது.

சில கதிர்களை மட்டும் கண்ணை மூடவைக்கும் பிளாங்கிங் வசதியையும் இதற்காகப் பயன்படுத்துவார்கள். நகரும் பிளாங்கிங் போட்டால் 14 மி.மீ. திரை 14 மி.மீ. திரையாக இருக்காது, ரெசல்யூஷன் கூடும், அதோடு தூரமும் கூடும். கணக்கை மறுபடி போடாமல் அதைத் தொடக் கூடாது.

பல தலைமுறையாக நம் ஆலைகளில் வழக்கிலிருந்த 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 21-ஆம் பிரிவில், ஆபத்தான பாகங்களுக்கு உறுதியான தடுப்பு வேண்டும் என்றும், மெஷின் ஓடும்போது அது அதன் இடத்தில் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. டைரக்ட் பண்ணிய திரை இடத்தில்தான் இருக்கிறது, தடுப்பாக இல்லை. விபத்து நடந்தபின் ஆய்வாளர் வந்து பேனலைத் திறந்தால் அந்த ஒற்றை ஜம்பர் வயரே சாட்சி.

வழக்கமான தொல்லைகள்

சிவப்பு போகவே இல்லை: முதலில் கண்ணாடியைத் துடைக்க வேண்டும். பஃபிங் தூசி ஒரே ஷிஃப்டில் படியும். மென்மையான ஈரத்துணி போதும். கைக்குக் கிடைத்த தின்னரால் துடைத்தால் முன்பக்கம் பால்போல் வெளுத்து, திரையையே மாற்ற வேண்டி வரும். அடுத்து பிராக்கெட், அப்புறம் கேபிள்.

சாயங்காலம் மட்டும் நிற்கிறது: வெயில். கம்பங்களை இடம் மாற்றிப் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு அடிக்கும் நிற்கிறது: அதிர்வு. நேராக்கும்போது 6-ஆவது படியில் நடுவில் வைக்காமல் விளிம்பில் விட்டிருப்பார்கள்.

பக்கத்து மோட்டார் ஓடும்போது மட்டும் நிற்கிறது: கேபிள் பாதையையும் எர்த்தையும் பார்க்க வேண்டும்.

பச்சை எரிகிறது, ரீசெட் அழுத்தினாலும் மெஷின் எழவில்லை: இதுதான் கவனமாகப் பார்க்க வேண்டியது. ஈ.டி.எம். தடுத்திருக்கலாம், அதாவது இரண்டு கான்டாக்டரில் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவசரத்தில் ஈ.டி.எம். முனையை ஷார்ட் செய்தால் மெஷின் ஓடும், ஒற்றைக் கான்டாக்டரை நம்பி. ஒட்டியதைக் கழற்றி, அதே ரேட்டிங்கில் புதியது போட்டு, சோதனைக் கம்பியின் மூன்று படிகளையும் முடித்த பிறகே ஷிஃப்டுக்குக் கொடுக்க வேண்டும்.

மெஷினை ஷெட்டுக்குள் இடம் மாற்றினாலும், வால்வு அல்லது பிரேக் மாற்றினாலும், பெரிய டை வந்தாலும் பழைய எண்கள் செல்லாது. நிற்கும் நேரத்தை அளப்பதிலிருந்து மறுபடி தொடங்கி, புதிய தூரத்தைத் தேதியோடு பிரஸ்ஸின் உடம்பிலேயே பெயின்டால் எழுதி வைக்கலாம். அடுத்து வரும் ஃபிட்டருக்குப் பதிவேட்டைத் தேடும் வேலை மிச்சம்.